தொப்பியில் மூன்று நட்சத்திரம்

மெர்டேக்கா வருவதற்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. தம்பி என்ன வேடம் போடுவது என்பதே பெரும் பேச்சாக இருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மாறுவேடத்தில் ஊர்வலமாகக் கடலோரத் திடலுக்குப் போக வேண்டும். வேடத்துக்கென்று கடையில் எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்தே செய்துகொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். இல்லாதவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அவருக்கு. ஆனால் வீட்டில் என்ன இருக்கிறது என்று அம்மா பெட்டியையும் மூட்டையையும் கிளறிப் பார்த்தபோதுதான், எங்கள் வீட்டில் எவ்வளவு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

என் பாடு சுலபமாக முடிந்துவிட்டது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடும். அதற்கு அந்தப் பக்கம், பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய செட்டிகள் வாழும் கம்போங் செட்டியின் கடைசி வீடு. அந்த வீட்டு அம்மாளைத் தெருவே பிபிக் என்று கூப்பிடும். நெற்றியில் திருநீறு மாறாது, வெள்ளிக்கிழமையானால் கோயிலில் முதல் ஆளாக நிற்பார், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழ் பேசாத ஒருவர் எங்கள் சாமியைக் கும்பிடுவது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியம். சாமிக்கு மலாய் தெரியுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பிபிக் தன்னுடைய பழைய கெபாயாச் சட்டை ஒன்றை என் தோளில் போட்டு, இடுப்பிலும் கையிலும் மடித்து ஊசி குத்தி, கைலியைச் சுற்றிவிட்டு, என் தலையில் உச்சிக்கொண்டையும் போட்டுவிட்டார். அவ்வளவுதான், நான் சீன வீட்டு நோன்யா ஆகிவிட்டேன்.

தம்பி ஒன்றாம் வகுப்பு. அவனைச் சாத்தே இறைச்சி சுட்டு விற்கிறவனாக்கிவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். ஒரு பனியன், ஒரு கைலி, கையில் ஓலை விசிறி. காசு செலவில்லாத வேடம். தம்பி அதைக் கேட்டதும் தரையில் விழுந்து புரண்டான். அவனுக்குச் சிப்பாயாக வேண்டும். எங்கள் ஊரில் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் நீங்கிச் சில வருடங்களாகியிருந்தன. என்றாலும் காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கக் கொண்டுவந்த அவசரகாலம் முடியவில்லை. சிப்பாய்களை ஏற்றிய லாரிகள் எங்கள் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் பையன்கள் பின்னால் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் கடைசியாக ஓடுகிறவன் எங்கள் தம்பி.

அவன் அழுகையை நிறுத்தியவர் சின்ன மாமா.

அம்மாவின் தம்பியான அவர் அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை. சில வாரங்களுக்கு முன்னால், நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், கொல்லைப்புறமாக நனைந்துகொண்டு வந்தார். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்ததாகவும், நெஞ்சில் நோய் வந்து இளைப்பாற வந்திருப்பதாகவும் அம்மா எங்களுக்குச் சொன்னாள். வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. தெரிந்தால் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊசியாகப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். ஊசி என்ற சொல் எங்கள் இருவர் வாயையும் தைத்துவிட்டது. அப்பா மருத்துவமனையில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும்தான் அவர் வேலை. பிறகு ஏன் அவரே மாமாவுக்கு ஊசி போடக் கூடாது என்று நான் யோசிக்கவில்லை.

மாமா அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில்தான் இருப்பார். மஞ்சள் பாய்ந்த முகம். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிடுவார். சாலையில் கார் சத்தம் கேட்டால் வாயில் இருக்கும் சோறு அப்படியே நிற்கும். சத்தம் போன பிறகுதான் மெல்லுவார்.

"சிப்பாய் உடுப்புதானே? அழாத. நான் தைச்சுத் தரேன்" என்றார் தம்பியிடம்.

அம்மா தலையணை உறைக்காக எடுத்து வைத்திருந்த கோதுமை மாவுச் சாக்குகளை எடுத்துக்கொண்டார். தம்பியின் உடம்பை ஒரு சணல் கயிற்றால் அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டார். நூல்தையலை நகத்தால் பிரித்துச் சாக்கை விரித்துப் போட்டு வெட்டியபோது ஒரு விரற்கடைத் துணிகூட வீணாகவில்லை. வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலத்தையும் மஞ்சள் பொடியையும் கலந்து, தேயிலைச் சக்கையோடு கொதிக்கவைத்துத் துணியை முக்கி எடுத்தார். பச்சையும் இல்லாத, பழுப்பும் இல்லாத ஒரு நிறம் வந்தது. இலைக்குவியலில் போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். அப்பா துவைத்துக் கொண்டுவந்திருந்த பழைய பேண்டேஜ் துணிகள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றும் பட்டிகளாகின. சைக்கிள் டியூப் இடுப்பு வார் ஆனது. எல்லாம் கைத்தையல். எறும்பு வரிசைபோலப் பொடிப்பொடியான, இறுக்கமான தையல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஒரு மாமா இல்லை என்ற பெருமையை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தேன்.

துப்பாக்கி மட்டும் செய்து தரமாட்டேன் என்றுவிட்டார். தம்பி பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கெஞ்சியபோது, அதைத் தொடக்கூட இல்லை.

"கொடி பிடிச்சுக்கோ. சிப்பாய்னா கொடியும் பிடிப்பான்."

கடைசியாகத் தொப்பி. மிச்சத் துணியை ஒட்டி, சோற்றுக்கஞ்சி போட்டு விறைப்பாக்கி, முன்பக்கத்துக்கு அட்டை வைத்துத் தைத்தார். தம்பி அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நடை பழகினான். பிறகு கழற்றிப் பார்த்துவிட்டு, "மொட்டையா இருக்கு மாமா. நட்சத்திரம் வேணும்" என்றான்.

மாமாவின் ஊசி நின்றது. சற்று நேரம் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். மாமா அவளுடைய பழைய சிவப்பு ரவிக்கைத் துண்டு ஒன்றை எடுத்து, வரையாமல் கோடு போடாமல், மூன்று நட்சத்திரங்களை அப்படியே வெட்டினார். மூன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு.

"ஏன் மாமா மூணு?" என்றேன்.

"மலாய்க்காரங்களுக்கு ஒண்ணு, சீனவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு."

அந்த வாரம் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று இனமும் சேர்ந்தால்தான் சுதந்திரம். வெளியே போகாத மாமாவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியந்தேன்.

அம்மா பார்த்தால் ரவிக்கைத் துணிக்காகத் திட்டுவாள் என்று பயந்து, தம்பி தொப்பியைப் பள்ளிப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டான்.

ஊர்வலத்துக்கு முந்திய நாள் ஒத்திகை. பிள்ளைகளைக் காஜா பெராங் சாலையில் வரிசையாக நடக்கவிட்டார்கள். தாய்மார்கள் ஓரமாகக் கூடவே நடந்தார்கள். என் கொண்டை அவிழ்ந்துவிடக் கூடாதே என்று பிபிக்கும் வந்திருந்தார். எங்கள் முன்னால் ஒரு மருத்துவச்சி, ஒரு வாழைப்பழக்காரி, காகிதக் கிரீடம் வைத்த இரண்டு ராஜாக்கள். வெயிலில் ஒரு ராஜாவின் மீசை கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று சிரித்தார்கள். அப்போதுதான் தம்பி பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அம்மா அதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கை தொப்பியைத் தொடுவதற்குள், காப்பிக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்ற ஒருவர் தம்பியின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அவரை எங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் வைத்திருப்பார், பிள்ளைகளுக்குக் கொடுப்பார். தமிழர்தான். அவர் ரகசியப் போலீஸ் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும், அவர் வந்தால் காப்பிக்கடையில் பேச்சு அடங்கிவிடும். எங்களுக்கு அவர் பெப்பர்மிண்ட்காரர்.

"தொப்பி ரொம்ப நல்லாருக்கே தம்பி. எங்க, மாமாகிட்ட காட்டு பாப்போம்" என்றார். மாமா என்று அவர் தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத் தையலை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "மூணு நட்சத்திரம் எதுக்கு தங்கச்சி? தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரிந்த கேள்வி. கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"மலாய்க்காரங்க, சீனவங்க, நாம."

"அப்படியா! யாரு சொல்லிக் கொடுத்தா?"

"டீச்சர்."

மாமாவை வெளியே சொல்லக் கூடாது என்பதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. டீச்சர் சொன்னார் என்றால் அதற்கு மதிப்பு அதிகம் என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். சிரிப்பு மட்டும் கண்ணுக்கு வரவில்லை.

"சரி. தைச்சது யாரு?"

தம்பி வாயைத் திறந்தான். நானும் திறந்தேன். எங்களுக்கு முன்னால் பிபிக்கின் குரல் வந்தது.

"சாயா யாங் ஜாஹிட்."

நான்தான் தைத்தேன் என்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிபிக் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, படபடவென்று மலாயில் பேசினார். பையன் அழுதான், சாக்குத் துணி இருந்தது, தைத்துக் கொடுத்தேன், ஏன் என்சிக், கோணலாக இருக்கிறதா?

"மூன்று நட்சத்திரம் ஏன் வைத்தீர்கள்?" என்று அவரும் மலாயில் கேட்டார்.

"ஒன்று வைத்தேன், நெற்றி காலியாக இருந்தது. துணி மிச்சம் இருந்தது, இன்னும் இரண்டு வைத்தேன்."

"இந்த அடையாளம் யாருடையது என்று தெரியுமா?"

"கொடியில் நட்சத்திரம் இருக்கிறது, தொப்பியிலும் இருக்கட்டுமே" என்றார் பிபிக். எதுவும் தெரியாத முகத்தோடு சொன்னார்.

அவர் எழுந்து நின்று தொப்பியைப் பிபிக்கிடம் நீட்டினார். "அப்படியானால் பிரித்துவிடுங்கள். இங்கேயே."

ஊர்வலம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது. பிபிக் கால்வாய்த் திட்டில் உட்கார்ந்து, தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நட்சத்திரத்தின் ஓரத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மாமாவின் தையல் அவ்வளவு இறுக்கம். மறுபக்கம் முயன்றார். ஊசி வழுக்கி அவர் விரலில் குத்தியது. அந்த மனிதர் சைக்கிள் மணியை விரலால் தட்டியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த இழையைப் பிடித்து இழுத்தால் பிரியும் என்பது தைத்தவருக்குத் தெரியாதா? எனக்கே தெரியும், நான்தானே நூல் கோத்துக் கொடுத்தேன். உள்பக்கம் முடிச்சு இருக்கும் இடத்தைக் காட்டிவிடலாமென்று என் விரல் துடித்தது. அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

"உங்கள் தையல் உங்களுக்கே பிரியவில்லையா?" என்றார் அவர்.

பிபிக் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தைத்தால் பிரியாது, என்சிக். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்."

இதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ராவும் பகலும் தைத்தது மாமா. பெயர் வாங்கிக்கொள்வது இவரா? என் வேடத்துக்கே நாலு ஊசி குத்தினாரே தவிர, ஒரு தையல் போடவில்லையே! சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்தேன். அந்த நேரத்தில் தம்பி ஓவென்று அழ ஆரம்பித்தான். பிபிக் பல்லால் கடித்து முதல் நட்சத்திரத்தைப் பிய்த்துவிட்டிருந்தார்.

"பிய்க்காதீங்க! மாமாகிட்ட சொல்லுவேன்! மாமாகிட்ட சொல்லிடுவேன்!"

சைக்கிள் மணிச் சத்தம் நின்றது.

"எந்த மாமா?"

பிபிக் தலையைத் தூக்கவில்லை. வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டு, "என் வீட்டுக்காரர்தான். இவன் அவரை மாமா என்பான். அவரிடம் சொல், போ. உன் தொப்பிக்காக அவர் என்னை அடிக்கட்டும்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். அவர் உதட்டில் ரத்தம் இருந்தது.

மூன்று நட்சத்திரங்களையும் பெப்பர்மிண்ட்காரர் வாங்கிச் சட்டைப் பையில், பெப்பர்மிண்டுகளோடு போட்டுக்கொண்டார். போவதற்கு முன் அம்மாவிடம் தமிழில் கேட்டார்.

"வீட்டுல விருந்தாளி யாராச்சும் வந்திருக்காங்களாக்கா?"

"யாரும் இல்லீங்க."

பொய் சொன்னால் தொடையில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டிய அம்மா, நடுச்சாலையில் நின்று பொய் சொன்னாள். அதைவிட, அவள் தன் தம்பியை இல்லை என்று சொன்னதுதான் எனக்கு வலித்தது. நோயாளி என்பதால் அவளுக்கும் வெட்கமாக இருக்கிறது போலும்.

உடனே வீட்டுக்குப் போகவிடவில்லை அம்மா. ஒத்திகை முடியும்வரை நடந்தோம். பிறகு தேவையே இல்லாமல் சந்தையில் நின்று கத்தரிக்காயைப் பொறுக்கினாள். வெள்ளைச் சட்டை எங்காவது தெரிகிறதா என்று பார்த்தபடியே வந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் நேராக மாமாவிடம் போய், அந்தத் தொப்பியாலேயே அவர் தோளில் அடித்தாள், திரும்பத் திரும்ப அடித்தாள்.

"உன் கை சும்மாவே இருக்காதா? எம் புள்ள தலையிலயா?"

மாமா தடுக்கவில்லை. நட்சத்திரம் பிய்ந்த ஓட்டைகளைப் பார்த்தார். "புள்ள கேட்டான்க்கா" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். அடுப்படிக்குள் மூவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அம்மா அப்பாவின் வெள்ளை டிரஸ்ஸர் உடுப்பு ஒன்றை எடுத்து, இடுப்பில் அவசர அவசரமாக மடித்துத் தைத்தாள். அம்மா தைத்தது முழுக்கக் கோணல். அதைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி மாமா வெளியே வந்தபோது நான் கைகொட்டிச் சிரித்தேன்.

"மாமாவுக்கும் வேடமா?"

"ஆமாடி. நானும் ஊர்வலத்துக்குப் போறேன்."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு சைக்கிளில், ராத்திரி வேலைக்குப் போகும் இரண்டு டிரஸ்ஸர்களைப்போல, பேசிக்கொண்டே சாலையில் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் நான் பிபிக்கோடு பேசவில்லை. அவர் கொடுத்தனுப்பும் குவே பலகாரத்தையும் தொடவில்லை. மாமா வீட்டில் இருந்த நாள்களில் எங்கள் நாலு பேருக்கு அந்தத் தட்டில் எப்போதும் ஐந்து துண்டு இருந்திருக்கிறது. அது எனக்கு நினைவுக்கு வரவே பல வருடங்கள் ஆகின. ஏன் பேசுவதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகுதான் அம்மா வாய்திறந்தாள். ரப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்காரர்களைப் பிடிக்க ஆரம்பித்த நாளில், மீசை முளைக்காத வயதில், மாமா கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனவர். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்டது தையல் வேலை. உடுப்பும் அவர்களுடைய மூன்று நட்சத்திரத் தொப்பியும் தைத்துத் தைத்து, கடைசியில் காய்ச்சலோடு தனியாக வெளியே நடந்து வந்துவிட்டார். சரணடைந்தால் மன்னிப்பு உண்டு, ஆனால் உள்ளே இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்வார்கள் என்று பயந்தார். அவருக்குச் சோறு போட்ட குற்றத்துக்கு அப்பாவும் அம்மாவும் சிறைக்குப் போயிருப்பார்கள். தைத்தது நான்தான் என்று சொன்ன பிபிக்கும்தான். மாமா சிங்கப்பூர் போய், கப்பலேறி, நாகப்பட்டினத்தில் தையற்கடை வைத்துப் பிழைத்து, அங்கேயே கண்ணை மூடினார். அந்த நட்சத்திரங்களைப் பழகிய கை தானாக வெட்டியதா, அல்லது தெரிந்தேதான் வெட்டினாரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமா ஊர்வலத்துக்கு வருகிறார் என்பதுதான். மறுநாள் கடலோரத் திடலில் அத்தனை கூட்டம். வாத்தியம் முழங்கியது, கொடி ஏறியது, எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் ஆள்களின் இடுப்புகளுக்கு நடுவில் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளை உடுப்பு ஒன்று தெரியும்போதெல்லாம் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, அதோ மாமா!"

ஒவ்வொரு முறையும் அம்மா வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். வேறு யாரோ என்று தெரிந்ததும் நீளமாக மூச்சு விட்டாள். பாவம், அவளுக்கும் என்னைப் போலவே ஏமாற்றம் என்று நினைத்து, அவள் கையை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டேன்.